அம்மா நிறுத்திய இடங்கள்

1

மலேசியாவில், ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் இதைப் படிக்கும் உங்களிடம் முதலில் ஓர் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அதை இறக்கிவைத்தால்தான் எனக்கு மற்றதைச் சொல்ல வரும்.

சென்னையை ஒட்டிய படப்பையில் எங்கள் வீட்டு டிவியில் பதிவு செய்த நிகழ்ச்சியைக்கூட நிறுத்திவைக்க முடிவதில்லை. நிறுத்தலாம், ஆனால் நிற்காது. பொத்தானை அழுத்தினால் படம் உறையும். மூலையில் இரண்டு கோடுகள் தெரியும். அடுக்களைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் தாமதித்தால் திரை மங்கும். யாரும் கேட்காமலே பனிமலைப் படங்கள் ஓடத் தொடங்கும். பிறகு, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அதற்கும் பதில் இல்லையென்றால் நம்மை வெளியே முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். மறுபடியும் தொடரைத் தேடிப் பிடித்து உள்ளே போனால் விட்ட இடத்திலிருந்து வராது. சில நாள் முதலிலிருந்து வரும். சில நாள் அந்த நேரத்து நேரலை வந்து நிற்கும். எந்த வழியாகப் போனாலும் வாசலில் விளம்பரங்கள். ஓட்டித் தாண்ட முடியாது. சோப்பு, தங்கம், சமையல் எண்ணெய், மறுபடியும் சோப்பு.

ஈப்போ வீட்டில் நாங்கள் வைத்திருந்த பழைய பதிவுப் பெட்டி அப்படியில்லை. காலையில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் வரை அந்த நடிகை திறந்த வாயோடு அப்படியே காத்திருப்பாள். இப்போது பதிவுகள் நம் வீட்டில் இல்லையாம். மேகத்தில் இருக்கின்றனவாம். எந்த ஊர் மேகம் என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் ஜெயராஜுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்து டிவி முன் உட்கார்ந்தால் ஐந்தாம் நிமிடம் தூங்கிவிடுவார். அம்மா எங்களோடு வந்து தங்கியிருக்காவிட்டால் எனக்கும் இது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

2

அம்மாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பிலோமினா. பள்ளி வேன் ஓட்டியவர். விடியுமுன் கிளம்பி, தாமான் தாமானாக, குடியிருப்பு குடியிருப்பாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தமிழ்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் இறக்கிவிட்டு வருவார். ஹாரன் அடிக்க மாட்டார். ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் கொடுப்பார், அவ்வளவுதான். பல் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். தமிழில் தொடங்கி மலாயில் திட்டி கன்டனீஸில் முடிப்பார். அந்தக் குரலுக்கு ஒரு தெருவே எழுந்துகொள்ளும்.

சென்ற ஆண்டு அந்தக் குரல் போயிற்று. பக்கவாதம். வலது கையும் காலும் தளர்ந்தன. அதைக்கூடப் பயிற்சியில் கொஞ்சம் மீட்டுவிட்டார், பேச்சுதான் மீளவில்லை. அவருக்கு எல்லாம் புரிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. அந்தச் சொல் நாக்குக்கு வந்து சேருவதற்குத்தான் நெடுநேரம் ஆகிறது. முதல் எழுத்தில் முட்டி நிற்பார். நெற்றி சுருங்கும், இடது கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. நாமே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

தம்பி டோமினிக் கோலாலம்பூரில் இரண்டு நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறான். அங்கே அம்மாவை எங்கே வைப்பது? வேனில் அம்மாவுக்கு உதவியாளராக இருந்த லூசி அக்கா, தான் வந்து அம்மாவோடு தங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான்தான் ஒப்பவில்லை. எங்கள் வீடு தரைத்தளம், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி, பெற்ற மகள் நான் இருக்கிறேன் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

ஜெயராஜ் இந்தப் பக்கத்து வடக்குப்பட்டுக்காரர். ஒப்பந்த வேலைக்கு ஈப்போ வந்தவரை ஞாயிறு பூசையில் பார்த்துப் பேசிப் பழகி, கல்யாணம் செய்துகொண்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் என்னையும் கைக்குழந்தையாக இருந்த ஷெரினையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அம்மா வருவது பற்றிக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"இன்னா கேள்வி இது? அத்தை வந்தா வரட்டும். நம்ம வூடுதானே" என்றார்.

3

தமிழ் தெரிந்தவளுக்குத் தமிழ்நாட்டில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மாவிடம், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்ற அர்த்தத்தில் மரியாதையாக, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், "நான் எங்கம்மா பசியோட இருந்தேன்?" என்று திருப்பிக் கேட்டார். "காடி எங்க நிக்குது?" என்று கேட்டு ஷேர் ஆட்டோக்காரரைக் குழப்பினேன். நமக்குக் காடி என்றால் கார். இங்கே சிலருக்குப் புளித்த நீர், பலருக்கு ஒன்றுமே இல்லை. இப்போது நான் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டேன். தொலைபேசியில் அம்மாவோடு பேசும்போது மட்டும் பழைய சொற்களைச் செலவழிப்பேன். பக்கவாதத்துக்குப் பிறகு அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

ஷெரினுக்குத் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் பேசுவது இந்த ஊர்ப் பேச்சு. மலேசியாவைப் பற்றி நான் ஏதாவது தொடங்கினால், "அது உன் ஊருமா" என்பாள். சண்டைக்காகச் சொல்வதில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலச் சொல்வாள். அதனால்தான் அதிகமாகக் குத்தும்.

அம்மா வந்து இறங்கிய மறுநாளே அவரை நான் இணையத்தில் பதிவு செய்தேன். வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் வந்து தங்கினால் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தங்கும் வெளிநாட்டவரின் பெயர் என்ற இடத்தில் அம்மா பெயரை அடித்தேன். வருகையின் நோக்கம் என்ற கேள்விக்குக் கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மருத்துவம் என்று போட்டேன்.

அதன்பின் விசா நீட்டிப்பு. புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று ஒரு முறை திரும்பி வந்தது. கோப்பு பெரிதாக இருக்கிறது என்று ஒரு முறை. கோப்பைச் சிறிதாக்கினால் எழுத்து தெளிவாக இல்லை என்று வந்தது. அதில் அதிகாரிகளின் தவறு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கை ஓடவில்லை. ஆஸ்பத்திரிச் சான்று வாங்க ஒரு நாள், வீட்டுச் சொந்தக்காரரின் ஒப்புதலுக்கு ஒரு நாள் என்று அலைந்தேன். காலையில் நீலச் சட்டை, சாம்பல் சட்டை போட்ட தொழிற்சாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருமுனையைக் கடக்கும். அம்மாவைத் திண்டு வைத்து உட்காரவைத்துவிட்டு நான் மடிக்கணினியோடு போராடுவேன். அவர் ஜன்னல் வழியாக அந்த பஸ்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளை ஏற்றி இறக்கியவருக்கு வேடிக்கை பார்க்க நல்ல இடம் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

4

அம்மாவுக்குப் பிடித்த தொடர், இரண்டு சகோதரிகள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபம் நடத்தும் கதை. ஒளிபரப்பாகும் நேரத்தில் அவருக்குக் கை கால் பயிற்சி இருக்கும். அதனால் பதிவில்தான் பார்ப்பார். விளக்கு வைக்கும் நேரத்தில் நான், அம்மா, ஷெரின் மூவரும் உட்காருவோம். ரிமோட் அம்மாவின் இடது கையில். இந்த வீட்டில் அவர் யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய ஒரே காரியம் அந்தப் பொத்தானை அழுத்துவதுதான்.

அவர் அடிக்கடி நிறுத்துவார். நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பி வாயைத் திறப்பார்.

"வ்... வ்..."

மூத்தவள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருப்பாள். படம் உறைந்து நிற்கும்.

"வ்..."

"வண்டி!" என்பாள் ஷெரின். "பாட்டிக்கு வண்டின்னா உசுருமா. அன்னிக்கும் பஸ்ஸு வரசொல்லோதான் நிறுத்தினாங்க."

அம்மா அவளைப் பார்ப்பார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அது ஆமாமா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. மறுபடி முயல்வார். அதற்குள் திரை மங்கிப் பனிமலை வந்துவிடும். ஷெரின் பாய்ந்து ரிமோட்டை வாங்குவாள். முகப்பு, தேடல், தொடரின் பெயர், சோப்பு, தங்கம். நான் ஒரு பக்கம், "முதல்லேர்ந்து வருது பார், ஓட்டு, ஓட்டு" என்று கத்துவேன். நேரலை வந்துவிட்டால், நாளைக்குப் பார்க்க வேண்டிய கதை இன்றே முன்னோட்டத்தில் கண்ணில் பட்டுவிடும். இந்தக் கூத்தெல்லாம் முடிந்து, விட்ட இடத்துக்கு வந்து சேரும்போது அம்மா சோபாவில் சாய்ந்திருப்பார். சொல்ல வந்தது போயிருக்கும்.

"என்னம்மா சொல்ல வந்தீங்க?" என்று கேட்பேன். கையை அசைத்துவிடுவார். ஓடட்டும் என்பது போல.

ஒரு நாள் இது மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை அம்மா ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். பேட்டரி உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. வேலையிலிருந்து வந்த ஜெயராஜ் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "இன்னா அத்தை, டிவி மேல கோவமா? கம்பெனில லைன் நின்னுபோனா எனக்கும் இப்படித்தான் வரும்" என்றார்.

மறுநாள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஓர் இளைஞர் வந்தார்.

"சொல்லுங்க மேடம்."

"ரெக்கார்ட் பண்ணின புரோகிராமை பாஸ் போட்டு நிறுத்தினா வெளிய தள்ளிடுது தம்பி."

"எவ்ளோ நேரம் பாஸ் போடறீங்க மேடம்?"

"எங்கம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமாகும். அது வரைக்கும்."

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும்படியாகவும் நான் சொல்லவில்லை.

"மேடம், ரெக்கார்டுன்னு பேரு, ஆனா அது உங்க வீட்ல இல்ல மேடம். சர்வர்லேர்ந்து வந்துகிட்டே இருக்குது. நீங்க பாக்கலேன்னா சர்வர் நீங்க இல்லேன்னு நினைச்சுக்கும்."

"இருக்கோமே. எதிர்லயே உக்காந்திருக்கோமே."

"புரியுது மேடம். ஒண்ணு பண்ணுங்க. பாஸ் போடாம பாத்து முடிச்சிட்டு, அப்புறமா பேசுங்க மேடம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவர் பாவம், நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணியை மடிப்பேன், பாதியில் விடுவேன். வாசலுக்குப் போவேன், வருவேன். வேறு கம்பெனிக்கு மாறலாமா என்று விசாரித்தேன். எல்லாம் மேகம்தான் என்றார்கள்.

தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த வண்டிங்கற வார்த்தைய யார் சொன்னது? அவங்களா, நீங்களா?"

"என் பொண்ணு. அவங்க டிரைவரா இருந்தவங்க, அதனால..."

"எடுத்துக் கொடுக்காதீங்கம்மா. தப்பா இருந்தாலும் தலையாட்டிடுவாங்க. திருத்தறதுக்கு இன்னொரு வார்த்தை தேடணும் இல்ல? அலுத்துப்போய்டும் அவங்களுக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா காரின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. நான் எதையும் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

5

விண்ணப்பம் ஒருவழியாகத் தயாரானது. ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. அம்மா இடது கையால் பெயரெழுதப் பழகியிருந்தார். கோணல்மாணலாக, ஆனால் படிக்கும்படியாக எழுதுவார். சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் தாளைப் பலகையில் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தேன்.

அம்மா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவைத் தட்டின் மேல் வைத்துவிட்டார்.

"இங்கம்மா, இந்தக் கட்டத்துக்குள்ள."

கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"போட்டாத்தானே இருக்க முடியும்? போடலேன்னா அனுப்பிடுவாங்க."

அசையவில்லை. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எத்தனை நாளா இதுக்கு அலையறேன்னு தெரியுமா உங்களுக்கு? யாருக்காக அலையறேன்?" ஷெரின் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பள்ளி வேனில் பிள்ளைகள் அடம்பிடித்தால் அவர் கண்ணாடியில் பார்த்தபடி மௌனமாக இருப்பார். பிள்ளைகள் தாமே அடங்கிவிடுவார்கள். அன்று நானும் அப்படித்தான் அடங்கினேன். தாளை எடுத்து அலமாரி மேல் வைத்தேன்.

அன்று மாலை வழக்கம்போல மூவரும் உட்கார்ந்தோம். ஜெயராஜும் வீட்டில் இருந்தார். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடரில் இளையவள் அக்காவோடு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்திருந்தாள். ரயில் வந்து நின்றது. அம்மா நிறுத்தினார்.

"வ்..."

ஷெரின் வாயைத் திறந்தாள். நான் அவள் முழங்காலில் கை வைத்தேன்.

"வ்... வீ..."

திரை மங்கியது. பனிமலை வந்தது. ஷெரினுக்குக் கை பரபரத்தது. "பாட்டி, குடு, நான் வெச்சுத் தர்றேன்" என்று ரிமோட்டை எடுக்கப் போனாள். அம்மா அதைச் சட்டென்று தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா பாட்டி நீ!"

"சும்மா இருடி" என்றேன்.

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று திரை கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. முகப்புக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரையே அணைந்துவிட்டது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஜெயராஜ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அம்மாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. எனக்கு நாக்கு நுனியில் ஆயிரம் சொற்கள் வந்து நின்றன. வீக்கமா, வீண் பேச்சா, வீதியா. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வீட்டு... க்கு."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

"இதுதானேம்மா வீடு" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். இந்த முறை எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் சந்தேகமே இல்லை. இடது கையால் என் மார்பைத் தொட்டார்.

"உன்... வீடு."

ஷெரின் என்னைப் பார்த்தாள். இத்தனை மாதங்களாக அவர் நிறுத்திய இடங்கள் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆட்டோ, பஸ், இப்போது ரயில். வண்டி எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் ஏறிப் போகிற ஆள் தெரியவில்லை.

ஜெயராஜ் எழுந்து வந்து அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அத்தை, நாங்க இன்னா கொற வெச்சோம்? சொல்லுங்க. நான் எதுனா தப்பா பேசிட்டேனா?"

அம்மா பதறிவிட்டார். ஜெயராஜின் தலையில் கை வைத்தார். அடுத்த சொல்லுக்கு மறுபடியும் வெகுநேரம் ஆயிற்று. எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நல்ல... பையன்" என்றார். பிறகு இன்னொரு பெரிய முயற்சி. "போ... றேன்."

6

அன்று எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். ஞாயிறு பூசையிலும் அது தணியவில்லை. பூசை முடிந்து நால்வரும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். அம்மாவைக் காரிலேயே உட்காரவைத்து, கதவைத் திறந்துவிட்டு, நான் கரையில் நடந்தேன். தண்ணீர் நிறைந்து கிடந்தது. முதல் தடவை அம்மாவை இங்கே கூட்டிவந்தபோது, "பாத்தீங்களா, நம்ம ஊரு ஈயச் சுரங்கக் குட்டைங்க மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டிருக்கிறேன். துளிகூட அப்படி இல்லை. ஈப்போவில் இருப்பது போன்ற ஒரு சுண்ணாம்புக் குன்று சுற்றிலும் கிடையாது. அவருக்காக அப்படிச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா தெரியவில்லை.

ஜெயராஜ் பின்னாலேயே வந்தார்.

"நீ இங்க வரசொல்லோ உன்ன யாரும் கேக்கல, மேரி. நான் கூப்ட்டேன், வந்துட்ட. அப்புறம் பழகிகின. அத்தைக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு? அவங்க வயசுல பழகறதுக்கு இன்னா கீது?"

"அங்க யாரு பாத்துப்பா?"

"அத கேட்டாத்தானே தெரியும்? கேட்டியா?"

கேட்கவில்லை. அன்றே ஏரிக்கரையிலிருந்து லூசி அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவர் கத்தியது ஜெயராஜுக்கே கேட்டது.

"நான்தான் அப்பவே சொன்னேனே லா! நான் வந்து இருக்கேன்னு. நீ காது குடுத்துக் கேட்டியா? உன் அம்மாகூட அந்த வேன்ல எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். அவ கண்ண பாத்தாலே என்ன கேக்குறான்னு எனக்குத் தெரியும். கொண்டாந்து விடு."

டோமினிக் வார இறுதிகளில் ரயிலேறி வந்துவிடுவதாகச் சொன்னான். ஈப்போவிலேயே பயிற்சிக்கு ஓர் இடத்தையும் விசாரித்துச் சொன்னான். என்னால் தடுக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. தடுக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் மிச்சமிருந்தது. காரில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "போகலாம்மா, டிக்கெட் போடறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

இப்போது அம்மா ஈப்போவில் இருக்கிறார். சரியாகிவிட்டார் என்று சொன்னால் பொய். பேச்சு அப்படியேதான் இருக்கிறது. ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழப்போய் லூசி அக்கா பிடித்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்த அன்று நான் செய்தது தவறு என்று நாள் முழுக்க எனக்குள் சண்டை போட்டேன். மறுநாள் வீடியோவில் பார்த்தால், பழைய வேன் பிள்ளைகளில் ஒருத்தி, இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிற சீனப் பெண், அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவளை ஏதோ திட்ட முயன்றுகொண்டிருந்தார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

ஷெரின்தான் எனக்கு ஆச்சரியம். வாரம் ஒரு முறை அவளாகவே பாட்டிக்கு வீடியோ அழைப்பு போடுகிறாள். அம்மா முதல் எழுத்தில் முட்டி நிற்பார். திரையில் அசைவே இருக்காது. கோளாறோ என்று நான் எட்டிப் பார்ப்பேன். "நெட்டு நல்லாத்தான் கீதுமா, நீ போ" என்று என்னை விரட்டிவிட்டு, "சொல்லு பாட்டி, நான் வெயிட் பண்ணிகினு கீறேன்" என்பாள். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

7

கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஜெயராஜ் ஷிப்ட் மாற்றிக்கொண்டு விமான நிலையம் வரை வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "அத்தை, மருந்து நேரத்துக்கு சாப்புடணும், சொல்லிட்டேன்" என்று அதட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷெரின் அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். விமான நிலைய ஊழியர் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்.

எனக்கும் இன்னும் மலேசியக் கடவுச்சீட்டுதான் என்பதால் குடியேற்றச் சோதனையில் எங்கள் இருவருக்கும் ஒரே வரிசை, வெளிநாட்டவர் வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி அம்மாவின் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க போறீங்கம்மா?"

"அவங்களுக்குப் பேச்சு..." என்று நான் தொடங்கினேன்.

அம்மா இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். பின்னால் ஒருவர் பையைத் தரையில் தேய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். அதிகாரி அவரைக் கண்டுகொள்ளவில்லை. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஈ... ஈப்போ" என்றார் அம்மா.

முத்திரை விழுந்தது. ஊழியர் நாற்காலியைத் தள்ளினார். அடுத்து நான் கண்ணாடிக்கு முன்னால் போனேன்.

"நீங்களும் அங்கதானா?"

"ஆமா. அம்மாவை விட்டுட்டு வந்துடுவேன்."

"எங்க வந்துடுவீங்க?"

"வீட்டுக்கு. படப்பைக்கு" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

அதிகாரி ஏதோ தட்டச்சு செய்யத் தொடங்கினார். அவருக்கு, நான் இந்தியாவில் தங்குவதற்கான அட்டையில் எதையோ சரிபார்க்க வேண்டியிருந்தது. நான் கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தேன். நாற்காலி நின்று எனக்காகக் காத்திருக்கும் என்று நினைத்தேன். ஊழியர் நிற்கத்தான் பார்த்தார். அம்மா இடது கையை முன்னால் நீட்டி, போ, போ என்று காட்டினார். கூட்டத்துக்கு நடுவே அவருடைய நரைத்த பின்னந்தலை சிறிதாகிக்கொண்டே போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அவசரம்.